வசனம் வந்தது, விடை எங்கே?

தமிழ்நாட்டில் திரைப்படம் கொட்டகையோடு முடிவதில்லை. படம் ஓடி ஓய்ந்த பிறகும் அதன் வசனம் டீக்கடையில் உட்காருகிறது, பேருந்தில் ஏறுகிறது, கல்யாணப் பந்தியிலும் பரிமாறப்படுகிறது. சம்பளத்தில் பிடித்தம் போக மீதியை எண்ணிப் பார்க்கும் தொழிலாளி, "என்ன கொடுமை சரவணன் இது" என்கிறார். 2005-இல் வந்த 'சந்திரமுகி'யைப் பாராதவருக்கும் அந்தச் சரவணனைத் தெரியும்! இதனை வெறும் வேடிக்கை என்று ஒதுக்குவோர் உண்டு. நாம் அவ்வாறு ஒதுக்குவதற்கில்லை. ஏனெனில், எந்த வசனத்தை நாடு சுமக்கிறது என்பதிலே நாட்டின் நாடித்துடிப்பு கேட்கிறது.

1952-இல் 'பராசக்தி' வந்தது. கலைஞர் மு. கருணாநிதி தீட்டிய வசனத்தை, அப்படத்தில் அறிமுகமான சிவாஜி கணேசன் முழங்கினார். நீதிமன்றக் கூண்டில் குணசேகரன் பேசியதை மனப்பாடம் செய்து பேசிக்காட்டிய இளைஞர்கள் எத்தனை பேர்! 1959-இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வந்தது. சக்தி டி. கே. கிருஷ்ணசாமி எழுதிய சொற்களைப் பள்ளி விழாக்களில் சிறுவர்கள் மீசை ஒட்டிக்கொண்டு முழங்கினர், இன்றும் முழங்குகின்றனர்.

இவ்விரண்டுக்கும் பொதுவானது என்ன? இரண்டும் கேள்விகள்! ஒன்றிலே குற்றம் சாட்டப்பட்டவன் சமுதாயத்தைக் கேட்கிறான். மற்றொன்றிலே வரி கேட்கப்பட்டவன் வரி கேட்டவனையே கேட்கிறான். அதிகாரியின் முன்னே வாய் திறக்க அஞ்சிய சாமானியன், வசனத்தின் தோளிலே ஏறி நின்று கேட்டான்.

பின்னாளில் கேள்வி போய்ச் சிரிப்பு வந்துவிட்டதே என்று வருந்துவோர் உண்டு. "நானும் ரவுடிதான்" என்று 2006-இல் 'தலைநகரம்' படத்திலே வடிவேலு சொன்னது, வீறாப்புப் பேசுவோரை மட்டந்தட்ட ஊரார்க்குக் கிடைத்த கருவி. 2001-இல் வந்த 'பிரெண்ட்ஸ்' படத்தின் நேசமணி, சுத்தியல் விழுந்த மண்டையோடு 2019 மே மாத இறுதியில் மீண்டும் எழுந்து வந்தார். டில்லியிலே புதிய அரசு பதவியேற்ற அதே வாரத்தில், அவர் நலம்பெற வேண்டுமென்ற நையாண்டி வேண்டுதல் உலகெங்கும் பேசப்பட்டது! பேரரங்கின் ஆரவாரத்தைவிட அடிபட்ட மேஸ்திரியின் தலை பெரிதாகிவிட்டது. இச்சிரிப்பும் எளியோன் ஆயுதந்தான். நாம் அதைக் குறை கூறோம்.

நம் கவலை வேறு. மக்களின் இந்த ஆயுதத்தை மேடையேறியோர் இரவல் வாங்குகிறார்களே, அதுதான் கவலை. குடிநீர் ஏன் வரவில்லை என்று கேட்டால் வசனம். வேலை எங்கே என்று கேட்டால் வசனம். கூட்டம் கைதட்டுகிறது, கேள்வி அந்த ஒலியிலே அமிழ்ந்து போகிறது. இதிலே எக்கட்சிக்கும் விலக்கில்லை.

1995-இல் வந்த 'பாட்ஷா'வின் வசனத்தைப் பாருங்கள்: "நான் ஒரு தடவை சொன்னா நூறு தடவை சொன்ன மாதிரி." ரஜினிகாந்த் பேசியபோது அது கொடியவர்க்கு ஓர் ஆட்டோக்காரர் விடுத்த எச்சரிக்கை. ஆட்சியிலிருப்போர் வாயிலே அதன் பொருள் என்ன? 'இனி எவரும் கேட்காதீர்' என்பதன்றோ! ஒரு தடவை சொன்னதையே இன்னும் செய்யவில்லை என்பதல்லவா மக்களின் வழக்கு? நூறு தடவைக் கணக்கு எதற்கு?

வசனம் மக்கள் சொத்து. காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, மனத்திலே சேர்த்து வைத்த சொத்து. அதனைத் தலைவர்கள் கடன் வாங்கட்டும், தடையில்லை. ஆனால் கடனுக்கு வட்டி உண்டு. அந்த வட்டிக்குப் பெயர் விடை. அடுத்த முறை மேடையிலே வசனம் முழங்கும்போது ரசியுங்கள், சிரியுங்கள். கைதட்டு ஓய்ந்ததும், கூட்டம் கலையுமுன், ஒருவரேனும் எழுந்து கேளுங்கள்: "வசனம் நன்று, ஐயா! குடிநீர் எப்போது வரும்?"