பத்து விரல் மை

சித்தப்பாவைக் கண்டுபிடித்த அன்று அவர் பத்து விரல்லயும் கறுப்பு மை இருந்தது. சென்னையில் ஒரு அரசு ஆஸ்பத்திரி. தலைக்காய வார்டு. தரையில் பாய். கேஸ் ஷீட்டில் பெயர் எழுதும் இடத்தில் 'அன்நோன், ஆண், வயது சுமார் 55'. ரோட்டோரம் அடிபட்டுக் கிடந்தவரை 108 வண்டி கொண்டுவந்து போட்டு ஆறு நாள் ஆகியிருந்தது. அந்த ஆறு நாளும் நாங்க ஆம்பூரிலிருந்து அரக்கோணம் வரைக்கும் ஸ்டேஷன் ஸ்டேஷனாகத் தேடிக்கொண்டிருந்தோம்.

மை எதுக்குன்னு கேட்டேன். போலீஸ் வந்து ரேகை எடுத்துக்கொண்டு போனார்களாம், பழைய கேஸ் ஏதாவது இருக்கான்னு பார்க்க. இல்லை. அதோடு விட்டுவிட்டார்கள்.

யோசித்துப் பாருங்கள் தோழர்களே. சித்தப்பா திருடனாக இருந்திருந்தால் அன்னிக்கே பேர் கிடைச்சிருக்கும், ஊர் கிடைச்சிருக்கும், சித்திக்குத் தகவல் வந்திருக்கும். முப்பது வருஷம் தோல் தொழிற்சாலையில் சுண்ணாம்புத் தொட்டிக்குள் கைவிட்டு வாழ்ந்த மனுசன் என்பதால் அவர் யாரும் இல்லை.

இந்த மை பிறந்த கதையே அப்படித்தான். 1858இல் வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, ரோட்டுக்குச் சரளை சப்ளை செய்ய வந்த கோனாய் என்பவரின் உள்ளங்கையை மையில் தோய்த்து ஒப்பந்தத்தில் பதித்தான். நாளைக்கு 'நான் கையெழுத்தே போடல' என்று சொல்லிவிடக் கூடாதாம். 1897இல் கல்கத்தாவில் ரேகைக்கென்றே ஒரு அலுவலகம் வந்தது. ரேகைகளை வகை பிரித்து அடுக்க உழைத்தவர்கள் அஜிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ். முறைக்குப் பெயர் மட்டும் 'ஹென்றி முறை'. (உழைப்பு ஒருத்தனுது, பேர் ஒருத்தனுது. நமக்கா தெரியாது?) குற்றப் பரம்பரைச் சட்டம் 1911இல் சென்னை மாகாணத்துக்கு வந்தபோது, நம்ம ஜனங்க அதற்கு வைத்த பேர் ரேகைச் சட்டம். அதை எதிர்த்த பெருங்காமநல்லூர் மக்களை 1920 ஏப்ரல் 3 அன்று சுட்டுத் தள்ளினார்கள். அந்தச் சாதியோடு இன்றைக்கு நமக்கு ஆயிரம் கணக்கு இருக்கலாம், அது வேற. அதே 1920இல்தான் கைதிகள் அடையாளச் சட்டமும் வந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு இன்னும் பெரிதாக ஒன்று போட்டார்கள்: ரேகை, கண் எல்லாம் எடுக்கலாம், 75 வருஷம் வைத்திருக்கலாம்.

சரி, அது போலீஸ் பெட்டி. இன்னொரு பெட்டி ஆதார். அதில் சித்தப்பாவின் பத்து விரலும் இரண்டு கண்ணும் பத்திரமாக இருக்கின்றன. ரேஷன் கடையில் அவர் விரல் மிஷினில் விழாது, சுண்ணாம்பு ரேகையைத் தின்றுவிட்டது. சித்திதான் போய் அரிசி வாங்கும். அரிசி வாங்க 'நீ நீதானா' என்று கேட்கும் அரசாங்கம், நினைவு இல்லாமல் கிடக்கும்போது 'நீ யார்' என்று மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது.

முடியாதாம். 2018இல் அடையாளம் தெரியாத பிணங்கள் பற்றி தில்லி உயர்நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது, தொழில்நுட்பப்படி சாத்தியமில்லை என்று ஆதார் ஆணையம் சொன்னது. நம்பரைச் சொன்னால் அந்த ஒருத்தர்தானா என்று பார்க்குமாம். நம்பர் இல்லாமல் கோடிப் பேரில் தேடாதாம். அப்படியானால் புதிதாக ஒருவர் ஆதார் எடுக்கப் போனால், 'உனக்கு ஏற்கனவே இருக்கு' என்று திருப்பி அனுப்புவது எது? பத்து விரலையும் கண்ணையும் இருப்பவர்கள் அத்தனை பேரோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தானே? 2021இல் நாக்பூரில் அப்படித்தான் ஒரு பையன் பத்து வருஷம் கழித்து ஜபல்பூரில் இருக்கும் பெற்றோரிடம் போனான். ஆதார் எடுக்கப் போன இடத்தில் பழைய பதிவு மாட்டிக்கொண்டது. ஒரே ஆள் இரண்டு அட்டை வாங்கிவிடக் கூடாது என்றால் தேடும், அனாதைப் பிணம் ஆகிவிடக் கூடாது என்றால் தேடாது.

இதைக் கூட்டத்தில் பேசியபோது ஒரு தோழர் எகிறினார். 'உடம்பை முழுசா அதிகாரத்துக்குத் திறந்து விடச் சொல்றீங்க' என்றார். ஃபூக்கோ எல்லாம் படித்தவர். அவர் பயம் எனக்கும் உண்டு. ரேகையை யாருக்கும் கொடுக்கக் கூடாது என்று ஆதார் சட்டத்தின் 29ஆம் பிரிவு சொல்கிறது. அந்தக் கதவைப் போலீசுக்குத் திறந்தால் முதலில் உள்ளே இழுக்கப்படுவது நம்ம சேரிப் பையன்கள்தான். ஆனா தோழர், பாயில் கிடந்தது உங்க சித்தப்பா இல்லை. யாரும் கேட்டு வராத உடலை மருத்துவக் கல்லூரிக்குக் கொடுக்கலாம் என்று இங்கே 1951 முதல் சட்டம் இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் பொறுத்திருப்பார்கள்? அறுபட அந்த மேஜைக்கு எந்தத் தெருக்காரன் போகிறான் என்று மருத்துவம் படிக்கும் நம் மாணவத் தோழர்களே சொல்லட்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். நினைவில்லாத நோயாளிக்காக ஆஸ்பத்திரி கேட்கட்டும், போலீஸ் வேண்டாம். ஆதார் ஆணையம் தன் இடத்திலேயே தேடி, வீட்டுக்கு மட்டும் போன் பண்ணட்டும். நம்பரும் விலாசமும் வெளியே போகக் கூடாது. எடுத்த ரேகையை அழித்துவிட வேண்டும். ரேகை தேய்ந்தவர்களுக்குக் கண் இருக்கிறது. இதற்கு ஒரு சட்டத்திருத்தம் போதும். அதுவரைக்கும் ஒரு போட்டோவை எடுத்து எல்லா ஸ்டேஷனுக்கும் அனுப்ப என்ன கேடு? ஆறு நாளில் நாங்கள் ஏறிய எந்த ஸ்டேஷனிலும் அந்தப் போட்டோ இல்லை.

நாங்க போனபிறகு சித்தப்பா இரண்டு நாள் இருந்தார். கண் திறக்கவில்லை. சித்தி காதுல பேசிக்கிட்டே இருந்துச்சு. எடுத்துவந்து குளிப்பாட்டும்போது மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தோம், நகக்கண்ணில் மை போகவில்லை.

இறப்பைப் பதியப் போனேன். அவருடைய ஆதார் நம்பரைக் கேட்டார்கள். கொடுத்தேன்.