வெளிச்சம் சரி, கழுவினது ஆர்?



போன எபிசோடில் போன் கேமராவால் டெஸ்ட் ரிசல்ட் வாசிக்கிறது பற்றி முக்கால் மணித்தியாலம் கதைச்சோம். கேமரா, ஆப், ஏஐ எல்லாம் வந்தது. கோட்டில் ஒட்டுற துகளைப் பற்றி ஒரு நிமிஷம்கூட இல்லை. அது எங்கட பிழை.

2021 ஏப்ரல் 9 முதல் இங்கிலாந்தில் எல்லாருக்கும் வாரத்துக்கு இரண்டு இலவச லேட்டரல் ஃப்ளோ டெஸ்ட் கிடைச்சது ஞாபகம் இருக்கும். கோடு வருதா எண்டு முழுக் குடும்பமும் குனிஞ்சு பார்த்த காலம். இப்படியான டெஸ்ட்களில் சிவப்பாகத் தெரியிறது பல நேரம் தங்க நானோ துகள். அதன் மேல் ஆன்டிபாடி இருக்கும். கிருமி இருந்தால் அது துகளைக் கோட்டோடு சேர்த்துக் கட்டிவிடும். கிருமி கொஞ்சமாக இருந்தால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

இதுக்கு லண்டனிலேயே ஒரு அழகான பதில் இருக்கு. யூசிஎல்லில் ரேச்சல் மெக்கென்ட்ரியின் குழு 2020 நவம்பரில் நேச்சர் இதழில் வெளியிட்டது. தங்கத்துக்குப் பதிலாக ஒளிரும் நானோ வைரம். வைரத்துக்குள் ஒரு நைட்ரஜன் அணு, பக்கத்தில் ஒரு காலியிடம். பச்சை ஒளி பட்டால் சிவப்பாக ஒளிரும். மைக்ரோவேவ் கொடுத்தால் அந்த ஒளி குறையும். மைக்ரோவேவை ஒரு தாளத்தில் போட்டுப் போட்டு நிறுத்தினால் வைரமும் அதே தாளத்தில் கூடிக் குறையும். டெஸ்ட் பட்டையின் சொந்த ஒளிர்வு அப்படி ஆடாது. ஆக, இரைச்சலை வடிகட்டலாம். மாதிரிச் சோதனை ஒன்றில் தங்கத்தைவிட 1,00,000 மடங்கு நுண்ணுணர்வு.

கம்ப்யூட்டர் சயன்ஸ் படிச்ச எனக்கு ஒரே சந்தோஷம். சிக்னல் ப்ராசஸிங் வென்றிட்டுது! கொஞ்சம் யோசிச்ச பிறகுதான் விளங்கிச்சு. அந்த வடிகட்டல் "இது வைரமா, இல்லையா" எண்டு மட்டும்தான் சொல்லும். கிருமியே இல்லாமல் ஒரு வைரம் தானாகக் கோட்டில் ஒட்டினால்? அதுவும் அசல் வைரம்தான், அதே தாளத்தில்தான் ஒளிரும். அதைப் பிறகு எந்த அல்காரிதத்தாலும் பிரிக்க ஏலாது. ஒட்டாமல் முதலே தடுக்க வேண்டியது பூச்சு.

பூச்சு இல்லாத நானோ துகளை உப்புள்ள திரவத்தில் போட்டால் கட்டிபட்டுவிடும். கண்ட கண்ட புரதமும் ஒட்டும். அதனால்தான் அந்தக் குழு வைரத்துக்கு முதலில் பாலிகிளிசரால் பூச்சுப் போட்டு, அதன் மேல் புரதங்களைப் பிணைச்சது.

பிறகு கழுவல். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி, அடியில் படிஞ்ச துகளை வைச்சுக்கொண்டு மேல் திரவத்தை எடுத்து, புதுத் திரவத்தில் கலக்கி, திரும்பவும் சுற்றுவது. அரிசி கழுவிற மாதிரித்தான். துகளில் ஒட்டாமல் மிஞ்சின ஆன்டிபாடி மிதந்துகொண்டு இருந்தால் அது கிருமியை முந்திப் பிடிச்சிடும். அதுக்கு வெளிச்சம் இல்லை. ஆளுக்கு நோய் இருக்கும், கோடு மங்கும். அதுக்காக மிச்சம் வேகமாகச் சுற்றினால் துகள்கள் இறுகிப் பிரியாமல் போகும். ஒவ்வொரு கழுவலிலும் கொஞ்சம் துகளும் போகும்.

இதில் என்ன கிடக்கு எண்டு நினைக்கிறீங்களா? ஒரு கணக்குப் போடுவம். 10,000 பேரில் 10 பேருக்கு எச்ஐவி எண்டு வைச்சுக்கொள்ளுங்கோ. 100 டெஸ்ட்டுக்கு ஒன்று சும்மா ஒட்டிக் கோடு காட்டினால், ஏறத்தாழ 100 பேருக்குப் பிழையான செய்தி போகும். அந்த இரவு அவை எப்படி நித்திரை கொள்ளுவினம்? துகளை இன்னும் பிரகாசமாக்கினால் இது குறையாது. முந்தி கண்ணில் படாமல் ஒட்டியிருந்ததும் இப்ப தெரியும்.

நாங்கள் எல்லாரும் ஏஐ பக்கம் ஓடுறம். நானும்தான், என்ட வாடகையைக் கட்டுறதே அதுதான். ஆனா கேள்வி கேட்காமல் ஓடக்கூடாது. அடுத்த முறை "ஏஐ வாசிக்கும் டெஸ்ட்" எண்டு விளம்பரம் வந்தால் இரண்டு விஷயம் கேளுங்கோ: நோயே இல்லாத சாம்பிளில் எத்தனை தரம் கோடு வந்தது? ஒரு பேட்சில் செய்த துகளும் அடுத்த பேட்சும் ஒரே மாதிரி வேலை செய்யுதா? எங்கட எபிசோடுக்கு வாற விருந்தினர்களிடமும் இனி நான் இதைக் கேட்பன்.

உங்கட வீட்டில் கெமிஸ்ட்ரி படிக்கிற தங்கச்சி "நாள் முழுக்க லேப்பில் கழுவிக்கொண்டு நிண்டன்" எண்டு சொன்னால் சிரிக்காதேங்கோ. எத்தனை தரம் கழுவினவ எண்டு கேளுங்கோ.

அடுத்த எபிசோடில் சந்திப்பம்.