எடி எதுக்குச் செத்தான்?

முன்னெச்சரிக்கை: 'தி ஃப்ளாஷ்' சீரியலை இனிமேதான் பாக்கணும்னு வச்சிருக்கவங்க இப்படியே எழுந்து ஓடிடுங்க. ஒன்பது சீசனையும் போட்டு உடைக்கப்போறேன் :-)

2020 லாக்டவுன்ல அக்கா பையன் எங்க வீட்லதான் மாட்டிக்கிட்டான். எட்டாவது முடிச்சிருந்த வயசு. வெளிய போக முடியாது, கேரம்போர்டுல ஸ்ட்ரைக்கரைக் காணோம், சரின்னு ரெண்டு பேரும் 'தி ஃப்ளாஷ்' முதல் சீசனைப் போட்டு உக்காந்தோம். மூணு நாள்ல 23 எபிசோடும் காலி. கடைசி எபிசோடு முடிஞ்சதும் பையன் ரொம்ப நேரம் பேசவேயில்ல. அப்புறம் கேட்டான் பாருங்க ஒரு கேள்வி.

"மாமா, எடி செத்துட்டா தாவ்ன் பொறக்கவே மாட்டான். பொறக்காதவன் எப்படி பேரியோட அம்மாவைக் கொன்னான்? அப்போ அம்மா உயிரோட வந்திருக்கணும்ல?"

நான் தண்ணி குடிக்கப்போற மாதிரி கிச்சனுக்குப் போயிட்டேன்.

கதை தெரியாதவங்களுக்காக (எச்சரிக்கையை மதிக்காம இன்னும் உக்காந்திருக்கற உங்களுக்காகத்தான்) சுருக்கமா. பேரி ஆலன் மின்னல் வேகத்துல ஓடற ஹீரோ. ஈயோபார்ட் தாவ்ன், அதாவது ரிவர்ஸ் ஃப்ளாஷ், எதிர்காலத்துலேர்ந்து வந்த வில்லன். சின்னப் பையனா இருக்கும்போதே பேரியை முடிச்சுடலாம்னு 2000ஆம் வருஷத்துக்கு வர்றான். பையன் தப்பிச்சுடறான், அந்த ஆத்திரத்துல அம்மா நோராவைக் குத்திடறான். கொன்னதுக்கப்புறம்தான் தெரியுது, இவனோட வேகம் போச்சு, ஊருக்குத் திரும்ப வழியில்லை. திரும்பணும்னா ஃப்ளாஷோட வேகம் வேணும். அதுக்கு ஃப்ளாஷ்னு ஒருத்தன் உருவாகியே ஆகணும்!

இங்கதான் நான் அந்த எழுத்தாளர்களுக்கு எழுந்து நின்னு சலாம் போடறேன். ஹாரிசன் வெல்ஸ்னு ஒரு விஞ்ஞானியைக் கொன்னு, அவர் முகத்தைத் திருடிக்கிட்டு, வீல்சேர்ல உக்காந்துக்கிட்டு, யாரை அழிக்க வந்தானோ அவனையே பதினஞ்சு வருஷம் காத்திருந்து வளர்க்கறான். ஓடக் கத்துக்கொடுக்கறான், தட்டிக்கொடுக்கறான். ஆபத்துன்னா காப்பாத்தறான் வேற. டாம் கேவனா அந்தப் பாசத்தை நடிப்புன்னும் சொல்ல முடியாம, நெசம்னும் சொல்ல முடியாம பண்ணியிருப்பார். சிஸ்கோவைக் கொல்றதுக்கு முன்னாடி, நீ எனக்கு மகன் மாதிரிங்கற அர்த்தத்துல பேசிட்டு, கையை அதிர வச்சு நெஞ்சுக்குள்ள விடுவார். எனக்கு அன்னிக்கு ராத்திரி சாப்பாடு இறங்கலை.

வழக்கமா டைம் டிராவல் கதையில பாரடாக்ஸ் ஹீரோவுக்குத்தான் தலைவலி. இங்க வில்லன் கழுத்துல அதை மாட்டிவிட்டாங்க. ஹீரோவைக் கொன்னா வீட்டுக்குப் போக முடியாது, விட்டு வச்சா அவனே எமன். உலகத்தை ஆளணும், குண்டு வைக்கணும்ங்கற வில்லன்லாம் இவன் முன்னாடி நர்சரி ஸ்கூல்.

அப்புறம் எடி. டிடெக்டிவ் எடி தாவ்ன், ஐரிஸோட காதலன். போலீஸ்ல நல்ல பேரு, நல்ல மனுஷன், பாவம் யாருக்கும் ஒரு கெடுதல் பண்ணினது கிடையாது. அவனைக் கடத்தி வச்சுக்கிட்டு வில்லன் சொல்றான், நீ என் முப்பாட்டன் வழி, ஆனா சரித்திரத்துல உனக்கு ஒரு இடமும் இல்லை, ஐரிஸ் கட்டிக்கப்போறது பேரியைத்தான்னு. மனுஷன் நொறுங்கிப்போறான். அப்புறம் புரொபசர் ஸ்டைன் சொல்றது அவனுக்குப் பிடிபடுது. யார் கணக்குலயும் வராதவன்ங்கறதாலயே அவன் ஒருத்தன்தான் கணக்கை மாத்த முடியும். கடைசியில பேரியைக் கொல்ற நிலையில தாவ்ன் நிக்கறப்போ, எடி தன் நெஞ்சுல தானே சுட்டுக்கறான். வம்சம் கட். தாவ்ன் கண்ணு முன்னாடி கரைஞ்சு காத்தாப்போறான். எடியோட உடம்பு கூட மிஞ்சலை, மேல திறந்த பள்ளம் இழுத்துக்கிட்டுப் போயிடுது.

பையன் கேட்டது இந்த இடத்தைத்தான். இது பழைய தாத்தா பாரடாக்ஸ். நீ பின்னாடி போய் உன் தாத்தாவைக் கொன்னா நீ பொறக்க மாட்டே, நீ பொறக்கலைன்னா கொன்னது யாரு? பிரெஞ்சுக்காரர் ரெனே பார்ஜவேல் 1940கள்லயே நாவலா எழுதிட்டார். ரஷ்யாவோட இகோர் நோவிகோவ் மாதிரி இயற்பியல்காரங்க, முரண்பாடு வர்ற மாதிரி எதையும் இறந்தகாலத்துல பண்ணவே முடியாதுன்னு கதவைச் சாத்திட்டாங்க. அந்தக் கணக்குப்படி எடியோட துப்பாக்கி வெடிச்சிருக்கவே கூடாது.

ஆனா எனக்கு அந்த ஓட்டை பத்திக் கவலையே இல்லைங்க. ஒரு ஆள் மின்னல் அடிச்சு கெமிக்கல் மேல விழுந்து ஒலியை விட வேகமா ஓடறதை ஒத்துக்கிட்டுதானே உக்காந்திருக்கோம்? நோரா ஏன் திரும்பி வரலைன்னு கேக்காம இருக்க நான் ரெடி. ஒரே ஒரு நிபந்தனை. செத்தவனுக்கு மரியாதை கொடு. விலை வாங்கிட்டேன்னா பொருளைக் கொடு.

கொடுக்கலையே!

ஜனவரி 2016, ரெண்டாவது சீசன். தாவ்ன் திரும்ப வர்றான். கேட்டா, இவன் அவனுக்கு முந்தின தாவ்ன், 'டைம் ரெம்னன்ட்', காலத்தோட மிச்சம், அதனால அழியலை, அப்படீன்னு ஒரு விளக்கம். எரிச்சல் என்னன்னா அந்த எபிசோடு நல்ல எபிசோடு. அவனைப் பிடிச்சு அடைச்சதும் சிஸ்கோ மறைய ஆரம்பிக்கறான். வேற வழியில்லாம, அம்மாவைக் கொல்லப்போறவனை பேரியே வழியனுப்பி வைக்கணும். கிராண்ட் கஸ்டின் முகத்தைப் பாக்க முடியாது. நல்லா இருந்ததாலதான் விட்டுட்டோம். அங்க திறந்த கதவை அப்புறம் யாரும் மூடவேயில்லை.

மூணாவது சீசன்ல சாவிட்டார். எதிர்கால பேரி அவனை எதிர்க்கத் தன்னையே பல காப்பி எடுக்கறான், அதுல மிஞ்சின ஒரு காப்பியை வீட்ல யாரும் சேத்துக்கலை, அவனே காலத்துல பின்னாடி போய் சாவிட்டார் ஆகறான். முட்டை முதலா கோழி முதலான்னு மண்டை காயும், ஆனா வில்லனுக்கு வலி இருக்கு. ஐரிஸ் சாகலைன்னு ஆனதும், பாரடாக்ஸ் வந்து பிடிக்க இன்னும் சில மணி நேரம்தான்னு அவனுக்கு ஒரு கெடு. எடி சுட்டுக்கிட்டதும் தாவ்ன் சில நொடியில காலி, இவனுக்கு மட்டும் மணிக்கணக்கா டைம். சட்டம் ஆளுக்கு ஒண்ணு போல.

நியாயமா சொல்லணும்னா, இதை ஒழுங்கா பண்ணினவங்களும் அதே குடும்பத்துலதான் இருக்காங்க. 'லெஜண்ட்ஸ் ஆஃப் டுமாரோ' ரெண்டாவது சீசன். அதுல தாவ்ன் ஒரு ஓட்டப்பந்தயக் கைதி. பொறந்திருக்கவே கூடாதவன்ங்கறதால பிளாக் ஃப்ளாஷ்னு ஒரு எமன் துரத்திக்கிட்டே இருக்கு. ஒரு இடத்துல நிக்க முடியாது. நான் இருக்கேன்னு நிரூபிக்கத்தான் காலத்தையே திருத்தப் பாக்கறான். அங்க எடியோட தோட்டா இன்னும் பறந்துக்கிட்டே இருக்கு, புரியுதுங்களா? 2017 ஏப்ரல்ல அந்த எமன் கையால தாவ்ன் ஒழிஞ்சான். அப்பாடான்னு இருந்துச்சு. நவம்பர்ல கிராஸோவர்ல நாஜிகளோட கூட்டு சேர்ந்து சிரிச்சுக்கிட்டே வந்து நிக்கறான். எப்படிய்யான்னு கேட்டா ஒழுங்கான பதிலே கிடையாது.

அதுக்கப்புறம் அவன் செத்தாலும் நான் சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டுதான் பாத்தேன். வில்லன் சாக மாட்டான்னு தெரிஞ்சுபோனா பயம் எங்கேர்ந்து வரும்? 2014ல வீல்சேர்லேர்ந்து எழுந்து நின்னதுக்கே நடுங்கினோம்.

சரி, எடிக்கு வருவோம். எட்டு வருஷம் கழிச்சு, 2023ல கடைசி சீசன்ல, அவனுக்கு நியாயம் பண்றாங்கப்பா ஒரு வழியான்னு நிமிர்ந்து உக்காந்தேன். உயிரோட கொண்டு வந்தாங்க. கொண்டு வந்து, ஐரிஸ் எனக்கு வரவேண்டியவள்னு பொறாமையைக் கிளப்பிவிட்டு, 'கோபால்ட் ப்ளூ'ன்னு வில்லனாக்கினாங்க! கடைசியில பேரி பேசி சமாதானப்படுத்திட்டான்தான். இருந்தாலும், கேக்காமலே உயிரைக் கொடுத்தவனை, எனக்கு என்ன கிடைச்சுதுன்னு கேக்க வச்சுட்டீங்களேய்யா. அந்த ஒரு ஆளையாவது விட்டு வச்சிருக்கலாம்.

பையன் இப்ப காலேஜ். போன தீபாவளிக்கு வந்தப்போ முதல் சீசன் கடைசி எபிசோடை மறுபடி போட்டோம். எடி விழுந்தான், தாவ்ன் கரைஞ்சான். பையன் ரிமோட்டை எடுத்து டிவியை ஆஃப் பண்ணிட்டான்.

"இன்னும் பத்து நிமிஷம் இருக்கேடா" என்றேன்.

"போதும் மாமா. அம்மா சாப்பிடக் கூப்பிடறாங்க, வாங்க."