இரண்டரை லட்சத்துக்கும் எட்டு லட்சத்துக்கும் நடுவே

இணையத்துக்குச் சாதி தெரியாது என்கிறார்கள். கடைசி பெஞ்ச் கிடையாது, விடுதியில் ஒதுக்கி வைக்க ஆள் கிடையாது, ஊர்ப் பெயரைக் கேட்டு முகம் மாறும் பேராசிரியர் கிடையாது. வேலை பார்த்துக்கொண்டே வீட்டிலிருந்து முதுநிலைப் பட்டம் வாங்கலாம், இதற்கு மேல் என்ன வேண்டும் என்று நம்மைப் பார்த்துக் கேட்கிறார்கள். என்ன வேண்டும் என்பதை ஒரு தொழிலை வைத்தே சொல்கிறோம். தமிழ்நாட்டில் இன்று வேகமாக வளரும் தரவு மையத் தொழில் அது.

'கிளவுட்' என்று நாம் சொல்வது வானத்தில் இல்லை. சிறுசேரியிலும் அம்பத்தூரிலும் ஜன்னல் இல்லாத பெரிய கட்டடங்களில் இருக்கிறது. நம் திருச்சி நவல்பட்டு எல்காட் பூங்காவில்கூட அரசுத் தரவுகளுக்கான பேரிடர் மீட்பு மையம் இருக்கிறது. அந்தக் கட்டடங்களில் மின்சாரம் ஒரு நொடிகூட நிற்கக் கூடாது. யுபிஎஸ், அதற்குப் பின்னால் டீசல் ஜெனரேட்டர், சர்வர் அறையைக் குளிர வைக்கும் சில்லர், எல்லாவற்றுக்கும் ஒரு மாற்று, இரவும் பகலும் ஷிப்ட். இரவு இரண்டு மணிக்கு ஜெனரேட்டர் ஓடுகிறதா என்று பார்ப்பவர் யார்? பேட்டரி அறையைத் துடைப்பவர் யார்? வாசலில் நிற்பவர் யார்? பெரும்பாலும் ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்யும் ஐ.டி.ஐ., டிப்ளமோ படித்த பிள்ளைகள். துவாக்குடி அரசு பாலிடெக்னிக்கிலும் அதைப் போன்ற கல்லூரிகளிலும் படித்துவிட்டுச் சென்னைக்குப் போன நம் தம்பி தங்கைகள் அவர்களில் இருக்கிறார்கள்.

அவர்களுக்கு மேலே மேலாளர் நாற்காலி இருக்கிறது. மின் செலவு, ஒப்பந்தம், ஆபத்துக் கணக்கு, ஆட்களை எடுப்பது, நீக்குவது எல்லாம் அந்த நாற்காலியின் கையில். அதற்கான தனிப் படிப்புகளும் வந்துவிட்டன. இங்கிலாந்தில் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகம், சிநெட் என்ற பயிற்சி நிறுவனத்துடன் சேர்ந்து தரவு மைய மேலாண்மைக்கென்றே தொலைவழி முதுநிலைப் பட்டம் தந்திருக்கிறது. இங்கே பொறியியலை இணையவழியில் நடத்த யுஜிசி விடுவதில்லை, அதனால் எம்.பி.ஏ., எம்.சி.ஏ., சான்றிதழ்ப் படிப்பு என்று வருகிறது. 2022 செப்டம்பரில் யுஜிசி, அங்கீகாரம் பெற்ற இணையவழிப் பட்டமும் நேரடிப் பட்டமும் சமம் என்று தெளிவாகவே அறிவித்தது. ஷிப்டில் நிற்பவர் நாற்காலிக்குப் போக ஏணி தயார் என்று அர்த்தம். அந்த ஏணியின் முதல் படி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது?

முதலில் பணம். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமான வரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம். மாதம் 20,833 ரூபாய். இரவு ஷிப்ட் பார்த்து 22,000 சம்பளம் வாங்கும் ஒரு தம்பி, அப்பாவின் கூலியைச் சேர்க்காமலேயே, அந்த வரம்பைத் தாண்டிவிடுகிறார். அரசின் கண்ணில் அவர் வசதியானவர். வாடகை, ஊருக்கு அனுப்பும் பணம், அக்கா கல்யாணக் கடன் எதுவும் அந்தக் கணக்கில் வராது.

இப்போது இன்னொரு கணக்கைப் பாருங்கள். 2019-இல் 103-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்தது. பட்டியல் சாதி, பழங்குடி, பிற்படுத்தப்பட்டோர் தவிர்த்த மற்ற சாதிகளின் 'ஏழைகளுக்கு' 10 விழுக்காடு. அந்த ஏழ்மைக்கு வரம்பு 8 லட்சம். தமிழ்நாடு அரசு இதை ஏற்கவில்லை. ஆனால் துவாக்குடி என்.ஐ.டி.யும் சூரியூர் ஐ.ஐ.எம்.மும் மத்திய நிறுவனங்கள், அங்கே இது நடப்பில் இருக்கிறது. ஒரே ஊரில், ஒரே சாலையில், மாதம் 66,000 வாங்கும் குடும்பம் ஏழை. 22,000 வாங்கும் சேரிக் குடும்பம் ஏழை இல்லை.

அது இட ஒதுக்கீடு, இது உதவித்தொகை, இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்பார்கள். தாராளமாக ஒப்பிடலாம். இரண்டுமே 'யாருக்கு உதவி தேவை' என்ற ஒரே கேள்விக்கு அரசு தரும் பதில். இன்னும் கேளுங்கள்: பட்டியல் சாதி மாணவர்கள் வெளிநாடு போய்ப் படிக்க மத்திய அரசு தரும் உதவித்தொகைக்கு வரம்பு 8 லட்சம். குறிப்பிட்ட உயர் நிறுவனங்களில் முழுநேரம் படிப்போருக்கான திட்டத்துக்கும் 8 லட்சம். அதாவது 8 லட்சம் வரை உதவி தேவை என்பது அரசுக்கே தெரியும். வேலையை விட முடியாமல், இரவில் மொபைலில் பாடம் கேட்பவருக்கு மட்டும் அந்த அறிவு மறந்துபோகிறது.

அடுத்தது சட்டத்தின் ஓட்டை. மத்திய கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006-ஆம் ஆண்டு இட ஒதுக்கீட்டுச் சட்டம் பட்டியல் சாதிக்கு 15, பழங்குடிக்கு 7.5, பிற்படுத்தப்பட்டோருக்கு 27 விழுக்காடு தருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் 'கல்விப் பிரிவு' என்றால் இளநிலை, முதுநிலை, முனைவர் பட்டங்களுக்கு இட்டுச்செல்லும் படிப்பு. சான்றிதழ்ப் படிப்பு அதற்கு வெளியே நிற்கிறது. மேலாளர்களுக்கான படிப்புகள் சான்றிதழ் வடிவில் பெருகப் பெருக, இட ஒதுக்கீடு தானாகவே சுருங்குகிறது. யாரும் எதையும் ரத்து செய்ய வேண்டியதில்லை. கட்டணம் லட்சங்களில் இருந்தால் போதும். 'பணி அனுபவம் வேண்டும், நிறுவனம் அனுப்பி வைக்க வேண்டும்' என்று ஒரு வரி சேர்த்தால் போதும். நிறுவனம் யாரை அனுப்பும்? ஏற்கெனவே மேலே இருப்பவர் தனக்குத் தெரிந்தவரைத்தான் அனுப்புவார். தனியார் துறையில் இட ஒதுக்கீடு இல்லாததன் விலையை இங்கே இரண்டாவது முறை கொடுக்கிறோம்.

சீரங்கத்தை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஏழு சுற்று மதில் கொண்ட ஊர் அது. எந்தச் சுற்றில் யார் குடியிருக்கலாம் என்பதைப் பிறப்பு தீர்மானித்தது. உள்சுற்று வீதிகளில் இருந்தவர்களுக்குக் காவிரிப் பாலம் தாண்டினால் கல்லூரி. செயின்ட் ஜோசப் கல்லூரி 1883-இல் நாகப்பட்டினத்திலிருந்து திருச்சிக்கே வந்துவிட்டது. அந்த வீடுகளின் நான்காம், ஐந்தாம் தலைமுறை இன்று உலகெங்கும் மேலாளர் நாற்காலிகளில் இருக்கிறது. அதற்குப் பெயர் 'தகுதி, திறமை'. அதே தீவின் வயல்களில் நடவு நட்டவர்களின் வீட்டில் இப்போதுதான் முதல் பட்டதாரி வந்திருக்கிறார். அவரிடம் 'எல்லோருக்கும் ஒரே லிங்க்தானே, படிக்க வேண்டியதுதானே' என்று சொல்வது தகுதியின் பேரால் செய்யும் கேலி.

படித்தால் மட்டும் போதுமா என்று நம்மிலேயே சிலர் கேட்கிறார்கள். போதாதுதான். கொலம்பியாவில் படித்துவிட்டு 1917-இல் பரோடா திரும்பிய அண்ணல் அம்பேத்கருக்கு உயர்பதவி கிடைத்தது, தங்க வீடு கிடைக்கவில்லை. கடைநிலை ஊழியரும் கோப்புகளைத் தூர நின்று வீசினார்கள். ஆனால் 1913-இல் பரோடா மன்னரின் உதவித்தொகை இல்லையென்றால் அந்தக் கொலம்பியா இல்லை. பிறகு அவர் எழுதிய சட்டங்களும் இல்லை. பட்டம் சாதியை ஒழிக்காது. பட்டம் இல்லாமல் சாதியோடு மோத நமக்கு இருக்கும் கருவிகள் குறைவு.

ஆகவே நாம் கேட்பவை:

1. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் வரம்பை 8 லட்சமாக உயர்த்து. வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படிப்போரின் முழுக் கட்டணத்தையும் கொடு.

2. மத்திய நிறுவனங்களின் சான்றிதழ்ப் படிப்புகளையும் 2006 சட்டத்துக்குள் கொண்டு வா.

3. தமிழ்நாடு அரசின் 2021 தரவு மையக் கொள்கையின்படி மின்சார வரியிலும் முத்திரைத்தாள் கட்டணத்திலும் சலுகை பெறும் நிறுவனங்கள், மேலாளர் நிலையில் எத்தனை பட்டியல் சாதியினர், பழங்குடியினர் இருக்கிறார்கள், யாரைப் படிக்க அனுப்பினார்கள் என்று ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். சலுகை மக்கள் பணம், கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

4. பாரதிதாசன் பல்கலைக்கழகமும் தாட்கோவும் சேர்ந்து, ஷிப்டில் நிற்கும் நம் பிள்ளைகளுக்கென்று, டிப்ளமோவிலிருந்து பட்டம், பட்டத்திலிருந்து முதுநிலை என்று போகும் வழியைத் தமிழிலும் அமைக்க வேண்டும்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. தவணையில் கட்டலாம் என்று போன் செய்பவர்களை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். படிப்பு யுஜிசி அங்கீகாரப் பட்டியலில் இருக்கிறதா, கிடைப்பது பட்டமா சான்றிதழா என்று முதலில் பாருங்கள். உங்கள் கல்லூரியில், வேலையிடத்தில் இந்த 2.5 லட்சத்தால் விண்ணப்பிக்க முடியாமல் போனவர்கள் எத்தனை பேர் என்று எண்ணத் தொடங்குங்கள். அந்த எண்ணிக்கையை மனுவாக்கி மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கொடுப்போம், பதில் வரும்வரை போவோம்.

ஜெய் பீம்.