அந்த வீட்டு வாசலுக்குப் போவோம், தோழர்களே!

தோழர்களே! புளத்கொகுபிட்டியத் தோட்டத்துப் பிள்ளைகளே! கோயில் கமிட்டிக்காரரே, சபை வாலிபரே, பள்ளிவாசல் நிர்வாகத்தாரே! எழுந்திருங்கள். இது காத்திருக்கும் வேலை இல்லை.

2016 மே 17 ஞாபகம் இருக்கிறதா? களுபஹன தோட்டத்தில் மலை சரிந்தது. லயத்தோடு நம் சனத்தை மண் மூடியது. அன்றைக்குச் செத்தவரின் நடத்தையை யாராவது விசாரித்தோமா? சாமி எது, சாதி எது என்று கேட்டோமா? கேட்கவில்லை. ஓடினோம். சேர்ந்து அழுதோம்.

இன்றைக்கு ஒருவர் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டால் மட்டும் ஏன் லயமே வாயை மூடிக்கொள்கிறது? ஏன் தப்பு அடிக்கத் தயங்குகிறோம்? ஏன் கோயில் வாசல் வழியாகப் பிணம் போகக்கூடாது, ரப்பர் மலைக்குப் பின்னால் கொண்டுபோங்கள் என்கிறோம்? மாதாமாதம் அவர் சம்பளத்தில் கோயில் சந்தா பிடித்தோமே! காசு வாங்கும்போது இல்லாத தீட்டு தூக்கும்போது எங்கிருந்து வந்தது?

செத்தவரின் பொஞ்சாதியைச் சுற்றி நின்று கேட்கிறார்கள்: "நீ என்னத்தச் சொன்ன?" தோழர்களே, அந்தக் கேள்வியை நிறுத்துங்கள். அடுத்த முறை அது காதில் விழும்போது குறுக்கே போய் நில்லுங்கள்.

தலையெழுத்து என்று சொல்லாதீர்கள்! 1995இல் இந்த நாட்டில் லட்சம் பேருக்கு 47 பேர் இப்படிச் செத்தார்கள். கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் தடைசெய்தது. பத்தே வருடத்தில் சாவு ஏறக்குறைய பாதியானது. தலையெழுத்து ஒரு சட்டத்துக்குப் பயந்து ஓடுமா?

போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று மூடி மறைக்காதீர்கள்! தற்கொலைக்கு முயல்வது 1998இலிருந்து இலங்கையில் குற்றமே இல்லை. இன்னமும் நம் லயங்களில் அந்தப் பயம் உலாவுகிறது. கோயில் ஸ்பீக்கரில் வரியும் வசூலும் மணிக்கணக்காகச் சொல்கிறோம். இது குற்றமில்லை என்று ஒரு நிமிஷம் சொல்ல முடியாதா?

வேதக்காரத் தோழர்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை. 1935இல் இங்கிலாந்தில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தன்னை மாய்த்துக்கொண்ட 14 வயதுச் சிறுமியை அடக்கம் பண்ணினார். அதை அவர் மறக்கவில்லை. 1953இல் லண்டனில் தன் கோயிலிலேயே ஒரு போனை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். சாக நினைப்பவர் யாரும் பேசலாம் என்றார். கோயிலுக்கு வா என்று கூப்பிடவில்லை, காது கொடுத்துக் கேட்டார். அதே வழியில் 1974இல் கொழும்பில் காது கொடுத்துக் கேட்கும் சுமித்ரயோ அமைப்பு பிறந்தது. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் இப்படி இறந்தவரின் மீட்பில் நம்பிக்கை இழக்காதே, அவருக்காகச் செபி என்றே சொல்கிறது. பிறகு யார் சொல்லி நாம் கல்லறையின் ஓரத்தைக் காட்டுகிறோம்?

கேளுங்கள், தோழர்களே. நேராகக் கேளுங்கள். பெரட்டுக்கு வந்தும் பேசாமல் நிற்பவரிடம், பால் வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருப்பவரிடம், "செத்துப் போயிரலாம்னு தோணுதா?" என்று கேளுங்கள். கேட்டால் புத்தியில் ஏறிவிடும் என்பது பொய். கேட்டால் மனசு இளகும்.

பதில் வந்தால் பிரசங்கம் வேண்டாம். பாவம், சாபம், சாத்தான் எதுவும் வேண்டாம். பக்கத்தில் உட்காருங்கள். தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து போத்தலை வீட்டிலிருந்து அகற்றுங்கள். பூசாரி திருநீறு போடட்டும், பாஸ்டர் ஜெபம் பண்ணட்டும், லெப்பை துஆ கேட்கட்டும். கையோடு ஆஸ்பத்திரிக்கும் கூட்டிப் போகட்டும்! 1926, 1333 இரண்டும் உதவி கேட்கும் தொலைபேசி இலக்கங்கள். கோயில் சுவரிலும் சபைக் கதவிலும் பெரிய எழுத்தில் எழுதுங்கள். நன்கொடையாளர் பெயருக்கு மேலே எழுதுங்கள். கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.

செத்த வீட்டை மறக்காதீர்கள். பதினாறு முடிந்ததும் பந்தலைப் பிரித்து எல்லாரும் போய்விடுகிறோம். அதற்குப் பிறகுதான் லோன்காரர் வாசலுக்கு வருகிறார். பிள்ளை பள்ளிக்கூடத்தில் கேலி கேட்டு வருகிறது. அன்றைக்குப் போங்கள். லோன்காரர் வரும் நாளில் அந்தப் பெண்ணோடு நில்லுங்கள். தீபாவளிக்குப் போங்கள். திவசத்துக்குப் போங்கள். செத்தவரின் பேரைச் சொல்லிப் பேசுங்கள். செத்த விதத்தை அலசாதீர்கள். சாவைப் பெருமையாகவும் பேசாதீர்கள்.

பெரிசுகள் முறைப்பார்கள். கமிட்டியில் சத்தம் போடுவார்கள். போடட்டும். கங்காணியையும் துரையையும் எதிர்த்துச் சங்கம் கட்டிய சனம் நாம். நம் கோயில் தலைவரிடம் பேசப் பயமா?

இந்த வெள்ளிக்கிழமை பூசை முடிந்ததும் கலையாதீர்கள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கலையாதீர்கள். ஜும்ஆ முடிந்ததும் கலையாதீர்கள். லயத்துக்கு இரண்டு பேரைத் தெரிந்தெடுங்கள், ஒரு ஆண், ஒரு பெண். அன்று பின்னேரமே நாம் இத்தனை நாள் தாண்டிப் போன அந்த வீட்டுக்கு நடங்கள். தேயிலையும் சீனியும் கையில் இருக்கட்டும். கதவைத் தட்டுங்கள், தோழர்களே. தட்டுங்கள்!