இரவு ஷிப்டுக்குப் பழக்கூடை போதுமா?

மாணவர்களே, பாகான் டாலாமில் காலை ஆறிலிருந்து எட்டு மணிக்குள் சாலையோரம் நின்று பாருங்கள். ஒரு கம்பெனி பஸ்ஸில் ஆட்கள் ஏறுவார்கள். இன்னொன்றிலிருந்து, இரவெல்லாம் விழித்தவர்கள் இறங்குவார்கள். பட்டர்வொர்த் துறைமுகம், மாக் மண்டின், பிறை, பாலத்துக்கு அப்பால் பாயான் லெப்பாஸ் என்று இவர்கள் வேலை செய்யும் பல இடங்களில் இரவிலும் இயந்திரங்கள் நிற்பதில்லை. உங்கள் அம்மாவோ அண்ணனோ அவர்களில் ஒருவராக இருக்கலாம்.

'ஊழியர் நலம்' என்ற பெயரில் நிறுவனங்கள் இப்போது பலவற்றைச் செய்கின்றன. சும்பா வகுப்பு, பழக்கூடை, இலவச இரத்தப் பரிசோதனை. குறை சொல்ல மாட்டேன். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் திருத்த வேண்டியது, சுவரில் ஒட்டியிருக்கும் ஷிப்டு அட்டவணையைத்தான் என்பேன்.

காரணம் உங்கள் பள்ளித் திடலிலேயே முளைத்திருக்கிறது: தொட்டாச்சிணுங்கி. 1729-ஆம் ஆண்டு டி மெய்ரான் என்ற பிரெஞ்சு வானியலாளர் அந்தச் செடியை இருட்டில் வைத்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகல் நேரத்தில் விரிந்தன, இரவு நேரத்தில் மூடின. கடிகாரம் செடிக்குள்ளேயே இருந்தது.

நமக்கும் அப்படி ஒன்று உண்டு. கண் நரம்புகள் மூளைக்குள் குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே, சுமார் 20,000 நரம்பணுக்கள் கொண்ட சிறு கொத்து அது. கண்ணில் விழும் வெளிச்சத்தைக் கொண்டு அது நேரத்தைச் சரிபார்த்துக்கொள்ளும். இருட்டியதும் மெலடோனின் சுரக்கச் செய்யும். விடியலுக்கு முன் உடல் வெப்பத்தைத் தாழ்த்தும். நள்ளிரவில் சாப்பிடும் நாசி லெமாக்கின் சர்க்கரையை, பகலில் கையாள்வது போல உடலால் கையாள முடியாது. வேலை முடிந்து வந்து பகலில் படுத்தால் தூக்கமும் குறையும், அடிக்கடி கலையும். உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-இல் இரவு ஷிப்டு வேலையை 'புற்றுநோய் உண்டாக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் சேர்த்தது. 2019-இல் மறுபடி ஆராய்ந்து அதையே உறுதிப்படுத்தியது. பயந்துவிட வேண்டாம். மாட்டிறைச்சி, ஆட்டிறைச்சி போன்ற சிவப்பு இறைச்சியும் அதே பிரிவில்தான் இருக்கிறது. சான்று எவ்வளவு வலுவானது என்பதைத்தான் அந்தப் பிரிவு சொல்கிறது. ஆபத்தின் அளவை அது சொல்வதில்லை.

இரவு வேலையே வேண்டாம் என்று சொல்ல முடியுமா? மருத்துவமனை இருக்கிறது, துறைமுகம் இருக்கிறது. சொல்ல முடியாது. ஆனால் ஷிப்டு எந்தத் திசையில் சுழல வேண்டும் என்று சொல்லலாம்.

பள்ளி விடுமுறையில் உங்கள் படுக்கை நேரம் என்ன ஆகிறது? பத்து மணி பதினொன்றாகும், பிறகு பன்னிரண்டாகும், சிரமமே இல்லை. பள்ளி திறந்ததும் திரும்பப் பத்து மணிக்குக் கொண்டுவரத்தான் பாடுபடுகிறீர்கள். நம்மில் பெரும்பாலோரின் உடல் கடிகாரத்துக்கு ஒரு நாள் என்பது 24 மணி நேரத்தைவிடச் சற்று நீளம். அதனால் தள்ளிப்போடுவது அதற்கு எளிது, முன்னுக்கு இழுப்பது கடினம். காலை, மாலை, இரவு என்று சுழலும் ஷிப்டு உடலோடு ஒத்துப்போகும். இரவு, மாலை, காலை என்று சுழன்றால் ஒவ்வொரு முறையும் அது பள்ளி திறந்த முதல் நாள்தான்.

இது வெறும் ஊகமல்ல. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒரு கனிமத் தொழிற்சாலையில் ஷிப்டு வாரந்தோறும் பின்னோக்கிச் சுழன்றுகொண்டிருந்தது. சார்ல்ஸ் செய்ஸ்லர் குழுவினர் அதை முன்னோக்கித் திருப்பினார்கள். ஊழியர்களின் மனநிறைவும் உடல்நலமும் மேம்பட்டன, உற்பத்தியும் கூடியது. 1982-இல் 'சயன்ஸ்' இதழில் இது வெளிவந்தது. எத்தனை நாளுக்கொரு முறை மாற்றுவது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. திசையைப் பற்றி அவ்வளவு சண்டை இல்லை. ஒரு தாளைத் திருத்தி அச்சடிக்கும் செலவில் இதைச் செய்துவிடலாம். சும்பா ஆசிரியரின் சம்பளத்தைவிடக் குறைவு!

நம் சட்டமும் நேரத்தை எண்ணித்தான் பார்க்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆகக் குறைந்தது, மகிழ்ச்சி. ஆனால் அந்தக் கணக்கில் பிற்பகல் மூன்று மணியும் அதிகாலை மூன்று மணியும் ஒன்றுதான். அதோடு மாதம் 104 மணி நேரம் வரை ஓவர்டைம் செய்யலாம். கணக்குப் போடுங்கள்: 26 நாளுக்கு 104 என்றால் நாளுக்கு 4 மணி. வழக்கமான 8 மணியோடு சேர்த்தால் 12. போக ஒரு மணி, வர ஒரு மணி. மீதமுள்ள பத்து மணி நேரத்தில் தூக்கம், சமையல், குளியல், உங்கள் பள்ளிக் கதை எல்லாம் அடங்க வேண்டும். 'ஓவர்டைம் இல்லாமல் வீட்டுக் கடன் எப்படிக் கட்டுவது?' என்று அப்பா கேட்பார். நியாயமான கேள்வி. அடிப்படைச் சம்பளம் போதாத இடத்தில் ஊழியர் நலம் பற்றிப் பேசுவதில் பாதி வீண்பேச்சுதான்.

அட்டவணை மாறும் வரை வீட்டில் செய்யக்கூடியவை சில உண்டு. இரவு வேலை முடிந்து வருபவரின் அறைக்கு அடர்ந்த நிறத் திரை போடுங்கள். வழியில் வெயில் கண்ணில் படாதபடி கறுப்புக் கண்ணாடி உதவும், ஆனால் மோட்டார் ஓட்டி வருபவருக்கு இது வேண்டாம். அது தூக்கத்தைக் கூட்டிவிடும். முடிந்தால் அவர் கம்பெனி பஸ்ஸிலேயே வரட்டும். நண்பகலில் அவரை எழுப்பிக் கையெழுத்து வாங்காதீர்கள். அவருக்கு அது நள்ளிரவு.

எஸ்.பி.எம். முடித்ததும் உங்களில் சிலர் வேலை தேடிப் போவீர்கள். நேர்காணலில் சம்பளம் கேட்பீர்கள், ஓவர்டைம் கேட்பீர்கள். ஷிப்டு எந்தத் திசையில் சுழல்கிறது என்றும் கேளுங்கள். எதிரே இருப்பவர் விழித்தால், ஒரு தாளை வாங்கி வரைந்து காட்டுங்கள்.