சொந்த ஊரில் 'நான்-லோக்கல்'

சித்தூரில் இருபது வருடங்களாகத் தையல் கடை வைத்திருக்கிறார் என் நண்பர். தமிழும் தெலுங்கும் அவர் நாக்கில் ஒன்றாகப் புரளும். ஆனால் ஏதாவது ஆபீஸ் படியேறினால் இரண்டுமே வராது. அதனால் மகனைத் திருப்பதியில் ஒரு சின்னக் கல்லூரியில் பி.காம். சேர்க்கப் புறப்பட்டபோது துணைக்கு என்னையும் அழைத்துக்கொண்டார்.

ஆன்லைனில் பதிவு செய்தாயிற்று. அன்று சான்றிதழ் சரிபார்க்கும் நாள். குமாஸ்தா காகிதங்களைப் புரட்டிக்கொண்டே வந்தவர், பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலில் நின்றார். பள்ளி இருந்த ஊர் காட்பாடி.

"நான்-லோக்கல், பாபூ" என்றார்.

"சார், நாங்க சித்தூருங்க. இவன் பொறந்ததே அங்கதான்."

"பொறந்த ஊரு எனக்கெதுக்கண்ணா? கடைசியா படிச்ச ஊரு எது?"

பையன் பத்தாவது வரை சித்தூரில்தான் படித்தான். பிளஸ் ஒன், பிளஸ் டூ மட்டும் காட்பாடியில், பாட்டி வீட்டிலிருந்து. வேலூர்ப் பக்கம் போனால் தமிழும் படிப்பான், பாட்டிக்கும் துணை என்று அனுப்பினார்கள். பஸ்ஸில் ஒரு மணி நேரத் தூரம். இடையில் ஒரு மாநில எல்லை இருக்கிறது என்பதே சித்தூர்க்காரர்களுக்கு அடிக்கடி மறந்துபோகும்.

சட்டம் மறக்கவில்லை. 1969இல் தெலங்கானாக் கிளர்ச்சி, 1972இல் ஆந்திரக் கிளர்ச்சி, பிறகு 1973இல் ஆறு அம்சத் திட்டம், அரசியல் சட்டத்தில் 371-டி பிரிவு என்று வளர்ந்து, 1974இல் குடியரசுத் தலைவரின் ஆணையாக வந்தது இந்த விதி. ராயலசீமையின் நான்கு பழைய மாவட்டங்களும் நெல்லூரும் சேர்ந்து ஸ்ரீவெங்கடேஸ்வரா பல்கலைக்கழக வட்டாரம். இங்குள்ள இடங்களில் 85 சதவீதம் உள்ளூர் மாணவர்களுக்கு. உள்ளூர் என்றால், தகுதித் தேர்வு எழுதும் ஆண்டோடு முடிகிற தொடர்ச்சியான நான்கு கல்வியாண்டுகள் இந்த வட்டாரத்தில் படித்திருக்க வேண்டும். அதாவது ஒன்பது, பத்து, இன்டர்மீடியட் இரண்டு வருடம். அதற்கு முன் பத்து வருடம் இங்கே படித்திருந்தாலும் கணக்கில் வராது.

விதி தவறென்று நான் சொல்ல மாட்டேன். வறண்ட அனந்தபூரிலிருந்து வரும் பையனை நகரத்துப் பையன் தள்ளிவிட்டுப் போகாமலிருக்க ஒரு வேலி வேண்டும்தான். ஆனால் வேலி போட்டவர்கள் ஹைதராபாத்தையும் விஜயவாடாவையும் மனதில் வைத்துப் போட்டார்கள். காட்பாடிப் பாட்டி அவர்கள் நினைவில் இல்லை.

சர்வபள்ளி ராதாகிருஷ்ணனை எடுத்துக்கொள்ளுங்கள். 1888இல் திருத்தணியில் பிறந்தவர். பள்ளிப் படிப்பில் சில வருடங்கள் திருப்பதி லுத்தரன் மிஷன் பள்ளியில். அப்புறம் வேலூர் ஊரிஸ் கல்லூரி. அன்று இந்த மூன்று ஊர்களும் ஒரே வட ஆற்காடு மாவட்டம், அதன் தலைநகரம் சித்தூர். 1911இல் சித்தூர் தனி மாவட்டமானது. 1953இல் ஆந்திரா பிரிந்தது. 1960இல் திருத்தணி நம் பக்கம் வந்தது. இன்றைய விதிப்படி வேலூரிலிருந்து திரும்பித் திருப்பதியில் இடம் கேட்டால் அவரும் நான்-லோக்கல்தான்.

இதையெல்லாம் குமாஸ்தாவிடம் சொல்லவில்லை. பின்னால் வரிசை நீண்டிருந்தது. நல்ல வேளையாக அவரே ஒரு வழி சொன்னார். மிச்சமுள்ள 15 சதவீத இடங்கள் யாருக்கும் ஒதுக்கப்படாதவை. தாயோ தந்தையோ மாநிலத்தில் பத்து வருடம் குடியிருந்திருந்தால், பிள்ளை வெளி மாநிலத்தில் படித்திருந்தாலும் அவற்றுக்குப் போட்டியிடலாம். தாசில்தாரிடம் குடியிருப்புச் சான்று வாங்கி வரவேண்டும். எல்லையோரக் குடும்பங்கள் பலவற்றுக்கு இப்படி ஒரு ஜன்னல் இருப்பதே தெரியாது. "நான்-லோக்கல்" என்ற வார்த்தையைக் கேட்டதும் பஸ் ஏறிவிடுகிறார்கள். நாங்களும் ஏறத்தான் இருந்தோம்.

சான்றுக்காக நண்பர் நான்கு நாள் கடையை மூடினார். பையனுக்கு இடம் கிடைத்தது.

அடுத்தது ஹாஸ்டல். அதே கட்டடம், அடுத்த கவுன்டர். விண்ணப்பத்தைப் பார்த்தவர் சிரித்தார். "சித்தூர்தானே? பக்கத்து ஊரு. பஸ்ஸிலே வந்து போகலாம். தூரத்துப் பசங்களுக்கே ரூம் பத்தலே."

இடம் கேட்டபோது அந்நியன். படுக்கை கேட்டபோது பக்கத்து வீட்டுக்காரன். இரண்டு கவுன்டருக்கும் நடுவே பத்தடி இருக்கும்.

சித்தூர் - திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். போக வர நாலு மணி நேரம் பஸ்ஸில் போய்விடும். வெளியே அறை தேடினோம். நாள்தோறும் அறுபது, எழுபதாயிரம் பேர் மலையேறும் ஊரில் மாணவனுக்கு வீடு கிடைப்பது ஒரு தனி வித்தை. ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் கிட்டே ஒரு சின்ன அறைக்குக்கூட நாள் வாடகை பேசுகிறார்கள். மாத வாடகைக்கு விட அவர்களுக்கு என்ன தலைவிதியா? கடைசியில் ஊருக்கு வெளியே ஒரு தனியார் ஹாஸ்டலில் ஐந்து பேர் அறையில் ஒரு கட்டில் கிடைத்தது. பெட்டியைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டு, பையன் முதலில் விசாரித்தது செல்போன் சார்ஜ் போட பிளக் எங்கே என்றுதான்.

அன்றிரவு சித்தூர் திரும்பியதும் நண்பரின் மனைவி காபி கொடுத்துவிட்டு நின்றார். இரண்டாவது குழந்தை, பெண். அவளும் காட்பாடியில் பாட்டி வீட்டில்தான் இருக்கிறாள். எட்டாவது முடித்து, ஒன்பதாவதுக்குப் பணமும் கட்டியாகிவிட்டது.

"அவளுக்குக் காலேஜுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கேண்ணா. இப்பவே மாத்தணுமா?" என்றார்.

விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். ஒன்பது, பத்து, இன்டர் ஒன்று, இன்டர் இரண்டு.

"இந்த மாசமே மாத்திடுங்கம்மா" என்றேன். பாட்டிக்கு யார் போன் செய்வது என்பதில் அவர்களுக்குள் பேச்சு ஆரம்பித்தது.